சூரியகாந்தி மாதிரியில் ஓரத்தில் மட்டும் நேர்க்கோடுகள் விழுகின்றன, எங்கே தப்பு?

அல்லிவட்டம்:
வணக்கம். தாவரவியல் படித்தவள் நான், நிரல் எழுதுவதில் கற்றுக்குட்டி. சூரியகாந்தித் தலையில் விதைகள் அமையும் விதத்தைப் பைத்தானில் வரைந்து பார்க்கிறேன். ஹெல்முட் வோகல் 1979-இல் கொடுத்த முறைதான்: ஒவ்வொரு விதையும் முந்தைய விதையிலிருந்து 137.5 டிகிரி திரும்பி உட்காரும். நடுவிலிருந்து அதன் தூரம் வரிசை எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும்.

1000 விதை வரை அச்சு அசல் பூ. 3000 போட்டால்தான் வம்பு. ஓரத்துக்குப் போகப் போகச் சுருள்கள் நிமிர்ந்து, சைக்கிள் சக்கரத்து ஆரக்கால் மாதிரி நேர்க்கோடுகளாகி நிற்கின்றன. நடுவே ஒரு குறையும் இல்லை.

இயற்கையாக இருக்கட்டுமே என்று ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டிகிரிக்குள் கூடக்குறைய வருமாறு ராண்டம் எண் சேர்த்தேன். கோடுகள் போயின, கூடவே சுருளும் போய்விட்டது. மணலை வாரி இறைத்தது போல் இருக்கிறது.

தழை:
டிகிரியை ரேடியனாக மாற்றினீர்களா? பைத்தானின் சைன், கோசைன் எல்லாம் ரேடியன்தான் கேட்கும். எனக்கு ஒரு முழு நாள் இதில் போயிருக்கிறது.

அல்லிவட்டம்:
மாற்றியிருக்கிறேன். இல்லாவிட்டால் நடுப்பகுதியும் சரியாக வந்திருக்காதே.

கணுவிடை:
அந்தக் கோடுகள் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள்.

அல்லிவட்டம்:
இரண்டு தடவை எண்ணினேன். 144.

கணுவிடை:
நினைத்தேன். நிரலில் தப்பில்லை, எண்ணில்தான். 137.5-ஐ 360-ஆல் வகுத்துப் பாருங்கள், மிச்சமில்லாமல் 55/144 வரும். அதாவது 144 திருப்பத்தில் சரியாக 55 சுற்று முடிகிறது. 145-ஆவது விதை முதல் விதையின் திசையிலேயே வந்து உட்காருகிறது, 146-ஆவது இரண்டாவதன் திசையில். நடுவில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே ஒரே கோட்டில் அடுத்து வரும் விதையைவிடப் பக்கத்துக் கோட்டு விதைதான் கிட்டே இருக்கும். ஏறத்தாழ 1650-ஆவது விதைக்கு மேல் இது தலைகீழாகிறது. 1000 போட்டபோது தப்பித்தீர்கள், அவ்வளவுதான்.

பொற்கோணம், அதாவது முழு வட்டத்தைப் பொன்விகிதத்தில் பிரிக்கும் கோணம், 137.5 அல்ல, 137.50776 என்று முடிவில்லாமல் போகும். எண்ணாக எழுதாமல் 180 × (3 − √5) என்று கணக்காகவே நிரலில் போட்டுவிடுங்கள்.

ராண்டம் விஷயம் வேறு. நீங்கள் சேர்த்த பிழை அடுத்த விதைக்கும் கடத்தப்படுகிறது, சேர்ந்துகொண்டே போகிறது. ஓரத்தில் ஒரு விதையின் அண்டை வீட்டார் வரிசையில் 89 அல்லது 144 எண் தள்ளி இருப்பவர்கள். 89 திருப்பத்தில் பிழை சுமார் 5 டிகிரி ஆகிவிடும். அங்கே கோடுகளுக்கு இடையே இருப்பதே 2.5 டிகிரி. சுருள் எப்படி நிற்கும்? முதலில் எல்லா விதைக்கும் சுத்தமான இடத்தைக் கணக்கிட்டு, அப்புறம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கொஞ்சம் அசையுங்கள்.

தழை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். செடி மட்டும் எப்படி இத்தனை தசமம் வரை கோணம் அளக்கிறது?

கணுவிடை:
அளப்பதே இல்லை, நல்ல கேள்வி. வளர்நுனியில் ஏற்கெனவே இருக்கும் முகிழ்களுக்கு (இலையோ பூவோ ஆகப்போகும் சிறு புடைப்புகள்) நடுவே எங்கே பெரிய இடைவெளியோ, அங்கே புது முகிழ் வரும். தாவரவியலாளர் ஹோஃப்மைஸ்டர் இதை 1868-இலேயே சொல்லிவிட்டார். ஒவ்வொரு முகிழும் சுற்றியுள்ள ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அதன் அருகில் இன்னொன்று எழாது. ஒன்று கொஞ்சம் விலகி வந்தாலும் அடுத்தது இருக்கிற இடைவெளியைப் பார்த்துத்தான் உட்காரும், பிழை சேராது. 1992-இல் இயற்பியலாளர்கள் டூவாடியும் கூடேரும் எண்ணெயில் காந்தத் திரவத் துளிகளைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காட்டினார்கள். துளிகள் ஒன்றையொன்று தள்ளியதிலேயே பொற்கோணம் வந்துவிட்டது. அங்கே செடியும் இல்லை, ஆக்சினும் இல்லை.

வோகல் முறை வடிவத்தை வரையத்தான், வளர்ச்சியைச் சொல்ல அல்ல. உங்கள் நிரல் நடுவில் தொடங்கி வெளியே போகிறது. பூவிலோ, பின்னால் விதையாகும் சிறுபூக்கள் விளிம்பில் தொடங்கி உள்நோக்கி உருவாகின்றன. ஆய்வுக்கென்றால் இதை எழுதும்போது கவனம்.

அல்லிவட்டம்:
கோணத்தை மாற்றினேன், ஆரக்கால்கள் போயே போய்விட்டன! தனித்தனியாக அசைத்ததும் நிஜப் பூ போலவே இருக்கிறது. ஓரத்தில் ஒரு பக்கச் சுருள்களை எண்ணினேன், 89. மறுபக்கம் நூறைத் தாண்டியதும் கண் தடுமாறியது. வரிசை எண்ணை 144-ஆல் வகுத்த மீதிப்படி நிறம் பூசித்தான் பார்க்க முடிந்தது. விளிம்பிலிருந்து உள்ளே இடைவெளி பார்த்து நிரப்பும் மாதிரியை இனி முயல்கிறேன். அதற்குத் தனி இழை போடுகிறேன், கணுவிடை, அங்கேயும் வாருங்கள்.