பாந்தியோன் கடிகாரம்: அனுமதியில்லாமல் பழுதுபார்த்தது தொண்டா, அத்துமீறலா?

கடிகாரப்பித்தன்:
பாரிஸ் நகரத்தில் பெருமக்களின் கல்லறை மண்டபமாக உள்ள பாந்தியோனில், வாக்னர் பட்டறை 1850இல் செய்துகொடுத்த பெரிய இயந்திரக் கடிகாரம் ஒன்று உண்டு. 1960களில் நின்றுபோன அதைப் பல பத்தாண்டுகளாக யாரும் தொடவில்லை. ‘உன்டர்குந்தர்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட தன்னார்வலர் குழு ஒன்று 2005 செப்டம்பரில் எவருக்கும் தெரியாமல் உள்ளே புகுந்து, குவிமாடத்தின் அடிப்புறத்தில் இருந்த ஓர் ஒதுக்கிடத்தில் பட்டறை அமைத்து, ழான்-பப்டிஸ்ட் வியோ என்ற தொழில்முறைக் கடிகாரக் கலைஞரின் வழிகாட்டலில் ஏறத்தாழ ஓராண்டு உழைத்து அதை மீண்டும் ஓடவைத்தது. பொருள்களுக்கான செலவு சுமார் 4,000 யூரோ. அதையும் தங்கள் கையிலிருந்தே கொடுத்தார்கள். வேலை முடிந்தபின் அவர்களாகவே நிர்வாகியிடம் போய்ச் சொன்னார்கள். அதற்குப் பரிசாக அரசின் நினைவுச்சின்னங்களை நிர்வகிக்கும் அமைப்பு அவர்கள்மீது வழக்குத் தொடுத்தது. 2007 நவம்பரில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

என் நிலைப்பாட்டை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொறுப்பில் இருப்பவர் கைவிட்ட பொருளைப் பொறுப்பில்லாதவர் காப்பாற்றினால், வெட்கப்பட வேண்டியவர் முன்னவர்தான். இன்னும் சில ஆண்டுகள் துருப்பிடிக்க விட்டிருந்தால் அது பழுதுபார்க்கும் நிலையைக் கடந்திருக்கும் என்பதே குழுவின் மதிப்பீடு. கோப்பு மேசை மேசையாக நகர்ந்து முடியும்வரை துரு காத்திருக்காது.

ஆவணன்:
நண்பர் கடிகாரப்பித்தனின் எழுத்து உருக்கமாக இருக்கிறது. அந்த உருக்கத்தை ஒதுக்கிவிட்டுச் செய்த காரியத்தை மட்டும் பார்ப்போம். நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கு உலகம் பொதுவாக ஒப்புக்கொள்ளும் அடிப்படை, 1964இன் வெனிஸ் சாசனம். ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்புப் பணி நின்றுவிட வேண்டும் என்கிறது அதன் 9ஆவது பிரிவு. புதிதாகச் சேர்க்கும் உறுப்பு முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து பிரித்தறியக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது 12ஆவது பிரிவு. செய்த ஒவ்வொன்றையும் துல்லியமாகப் பதிந்து பொது ஆவணக்காப்பகத்தில் வைக்க வேண்டும் என்கிறது 16ஆவது பிரிவு. ஒளிந்திருந்து வேலை செய்பவரின் கருத்தை நடுவே யாராலும் கேள்வி கேட்க முடியாது. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் ஊகமும் அறிவைப்போலவே தோன்றும்.

பழைய கடிகாரத்தைச் சுத்தம் செய்வதே ஆபத்தான வேலை என்பது பலருக்கும் தெரிவதில்லை. பழுதுபார்த்தவர்கள் தங்கள் பெயரையும் ஆண்டையும் கடிகாரத்தின் சட்டகத்திலோ தகட்டிலோ கீறி வைப்பது அத்தொழிலில் நெடுங்கால வழக்கம். துருவோடு அந்தக் கீறல்களும் போய்விட்டால், கடிகாரத்தின் வரலாற்றைச் சொல்லும் ஒரே சாட்சி போய்விடும்.

இங்கிலாந்தின் சால்ஸ்பரி பேராலயக் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1386ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் அந்த இரும்பு இயந்திரம் 1884இல் ஒதுக்கப்பட்டு, 1928இல் கோபுரத்துக்குள் கண்டெடுக்கப்பட்டு, 1956இல் மீண்டும் ஓடவைக்கப்பட்டது. இடைக்காலத்தில் யாரோ அதற்குப் பெண்டுலம் பொருத்தியிருந்தார்கள். 1956இல் அதைக் கழற்றிவிட்டு, தொடக்கத்தில் இருந்திருக்கும் என்று கருதப்பட்ட கிடைத்தண்டு அமைப்பை, அதாவது பெண்டுலத்துக்குப் பதிலாகக் கிடைமட்டமாக அசையும் தண்டைப் புதிதாகச் செய்து வைத்தார்கள். அதன் வயதைப் பற்றிய ஐயமும், பெண்டுலத்தை அகற்றியது சரியா என்ற கேள்வியும் இன்றுவரை தீரவில்லை. பேராலயத்தின் முழு ஒப்புதலோடு வெளிப்படையாக நடந்த பணிக்கே இந்த நிலை என்றால், திரைக்குப் பின்னால் நடந்த பணியை எந்த அளவுகோலால் அளப்பது?

மரியதாசன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பாந்தியோனைத் தேவாலயக் கணக்கில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும் என்பதால் ஒரு விளக்கம். பதினைந்தாம் லூயி 1744இல் நோயுற்றபோது செய்த நேர்ச்சையின்படி, புனித ஜெனவீவ் பெயரால் சுஃப்லோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த கோவில் அது. 1790இல் பணி முடிந்த மறு ஆண்டே புரட்சி அரசு அதைப் பெருமக்களின் கல்லறை மண்டபமாக மாற்றியது. பின்னர் அரசு மாறும்போதெல்லாம் கோவிலாகவும் மண்டபமாகவும் மாறி மாறி இருந்து, 1885இல் விக்டர் ஹ்யூகோவை அடக்கம் செய்தபோதுதான் இன்றைய நிலைக்கு வந்தது. பூமி சுழல்வதைக் காட்ட இயற்பியலாளர் ஃபூக்கோ தம்முடைய 67 மீட்டர் ஊசலை அந்தக் குவிமாடத்தின்கீழ்த் தொங்கவிட்ட ஆண்டு 1851. அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்தக் கடிகாரம் செய்யப்பட்டது. ஆக, கடிகாரம் வந்தபோது அது கோவிலாக இல்லை.

பிரான்சில் 1905ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் பேராலயங்கள் அரசின் சொத்து, பழைய பங்குக் கோவில்கள் ஊராட்சியின் சொத்து. அதற்கும் முன்பே, மணிக்கூண்டின் சாவி ஒன்று மேயரிடம் இருக்க வேண்டும் என்று 1884ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் விதித்திருந்தது. கோபுரத்தில் யார் ஏறலாம் என்பது அங்கே எந்தக் காலத்திலும் அற்பமான கேள்வியாக இருந்ததில்லை.

கடிகாரப்பித்தன்:
ஆவணன் அவர்கள் வெனிஸ் சாசனத்தின் 9, 12, 16 ஆகிய பிரிவுகளை நினைவூட்டினார். 4ஆவது பிரிவைத் தாண்டிப் போய்விட்டார். நினைவுச்சின்னம் இடையறாது பராமரிக்கப்பட வேண்டும் என்பதுதான் அது. அதைச் சுமார் நாற்பது ஆண்டுகள் மீறியவர்கள், சட்டப்படி அதன் காவலராக இருந்தவர்கள். ஒரு தரப்பு சாசனத்தை மீறியதற்கு வழக்கு, மறுதரப்பு மீறியதற்குச் சம்பளம் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஊகத்தைப் பற்றிச் சொன்னீர்கள். சால்ஸ்பரியில் காணாமல் போயிருந்தது கடிகாரத்தின் உயிரான அமைப்பு. அது எப்படி இருந்தது என்பதையே கற்பனை செய்ய வேண்டியிருந்தது. பாந்தியோனில் இயந்திரம் தன் இடத்திலேயே இருந்தது. பெரிதும் சிதைந்திருந்தது ‘எஸ்கேப் வீல்’ என்ற சக்கரம். பெண்டுலம் ஒருமுறை ஆடும்போது அந்தச் சக்கரத்தின் பல் ஒன்று விடுபட்டு நகர்கிறது. கடிகாரத்தை ஓட்டும் எடையின் இழுவிசை அந்தப் பல்வழியாகவே பெண்டுலத்துக்குச் சிறு உந்தலாகத் திரும்பிப் போகிறது. அதன் அளவையும் பற்களின் எண்ணிக்கையையும் அதனோடு இணைந்த உறுப்புகளே சொல்லிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கடிகாரத்தை நன்கறிந்தவருக்கு அங்கே ஊகத்துக்கு இடம் மிகக் குறைவு.

இன்னொன்றும் உண்டு. நிர்வாகம் பிறகு ஒரு கடிகாரக்காரரை வரவழைத்துக் கடிகாரத்தை நிறுத்தச் சொன்னதாகவும், அவர் சேதப்படுத்த மறுத்து அந்தச் சக்கரத்தை மட்டும் கழற்றிக் கொடுத்ததாகவும் செய்திகள் வந்தன. புதிதாகச் சேர்த்ததை வேறெதுவும் கெடாமல் கழற்ற முடிந்தது என்றால், அந்தப் பழுதுபார்ப்பு மீளத்தக்கது என்பதற்கு எதிர்த்தரப்பே தந்த சான்றிதழ் அல்லவா அது?

ஆவணன்:
ஒரு சக்கரம் கழன்று வந்ததால் ஓராண்டுப் பணி முழுவதும் மீளத்தக்கது என்று ஆகிவிடாது. தேய்த்து எடுத்த துரு திரும்பி வராது. அது இருக்கட்டும். நிர்வாகத்தை உணர்ச்சியற்ற அரக்கனாக நீங்கள் வரைவதும் நியாயமில்லை. சுஃப்லோவின் கட்டடத்தில் கல்லோடு கல்லைப் பிணைக்கும் இரும்புகள் துருவேறிப் பருத்துக் கற்களைப் பிளந்தன. மேலிருந்து கற்சில்லுகள் உதிர்ந்தன. குவிமாடத்தின் பெரிய சீரமைப்பு 2013இல்தான் தொடங்க முடிந்தது. பார்வையாளர் தலையில் கல் விழாமல் காப்பதா, கடிகாரத்துக்கு ஆள் தேடுவதா என்ற கேள்வி வரும்போது, நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் முன்னதற்கே பணம் ஒதுக்கியிருப்பேன்.

அத்துடன், அந்த இரகசியப் பட்டறைக்குள் மின்சாரக் கம்பியும் கணினி இணைப்பும் சாய்வு நாற்காலிகளும் கொண்டுபோகப்பட்டன. 2019 ஏப்ரலில் நோத்ர-தாம் பேராலயத்தின் கூரை எரிந்ததைப் பார்த்த பிறகும், பழைய கட்டடத்தின் உச்சியில் பதிவில்லாத மின்னிணைப்பு இருந்ததை ஒரு சாகசக் கதையாக ரசிக்க என்னால் இயலாது.

கடிகாரப்பித்தன்:
நோத்ர-தாமில் எரிந்தது காடுபோல் அடர்ந்த ஓக் மரச் சட்டங்கள். பாந்தியோனின் குவிமாடம் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த மூன்று கல் ஓடுகள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். நோத்ர-தாம் எரிந்தபோது அங்கே உரிய அனுமதியோடு சீரமைப்புப் பணி நடந்துகொண்டிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

கோபுரவாசி:
இருவரும் சட்டத்தையும் சாசனத்தையும் வைத்தே வாதிடுகிறீர்கள். கோபுரக் கடிகாரத்தோடு கொஞ்சம் பழக்கம் உள்ளவன் என்ற முறையில், இருவரும் தொடாத ஓர் இடத்தைத் தொட விரும்புகிறேன். கடிகாரத்தை ஓடவைப்பது ஒருமுறை செய்யும் வேலை. சாவி கொடுப்பது வாரந்தோறும் செய்ய வேண்டிய வேலை.

பாந்தியோன் கடிகாரம் ஏன் நின்றது என்பதற்குக் குழுவினர் கண்ட காரணத்தைப் பாருங்கள். வாராவாரம் சாவி கொடுத்துச் சலித்துப்போன ஊழியர் ஒருவரே இரும்புத் தடியால் அந்தச் சக்கரத்தை அடித்துச் சிதைத்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. அது உண்மையானால், கடிகாரத்தின் நோய் சக்கரத்தில் இல்லை, படிக்கட்டில் இருந்தது. எடையைச் சுற்றி மேலேற்றுவது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை ஒருமுறை கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தவர்களே அறிவார்கள். அத்தனை திறமையும் பொறுமையும் கொண்ட குழு சக்கரத்தைச் செய்தது. சாவி கொடுக்க ஆளை ஏற்பாடு செய்ய அதனால் முடியவில்லை, ஏனெனில் ஒளிந்திருப்பவர்களால் வாரந்தோறும் வெளிப்படையாகப் படியேற முடியாது. அவர்கள் தாங்களாகவே நிர்வாகியிடம் போனதை நேர்மை என்று மட்டும் பார்க்க வேண்டாம். இனி சாவி கொடுக்க யாராவது வேண்டும் என்ற கட்டாயமும் அதில் இருந்தது.

இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்ட அந்தக் கடிகாரத்தின் பழைய இயந்திரம் இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேராலயத்தில் அதன் இடத்துக்கு வந்த இயந்திரத்துக்கு 2010 வரை மனிதர் கையால் சாவி கொடுத்து வந்தார்கள். அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஓய்வுபெற்றபோது மின்மோட்டார் வைத்தார்கள். பலர் வருந்தினார்கள்; எனக்கும் வருத்தம்தான். ஆனால் கடிகாரத்தின் இயக்கத்தைத் தொடாமல், சுற்றும் வேலையை மட்டும் மோட்டாரிடம் விட்டால் கடிகாரம் பிழைத்துக்கொள்கிறது. பாந்தியோனில் தன்னார்வலர்களும் நிர்வாகமும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தால், முதலில் பேசியிருக்க வேண்டியது இதைத்தான்.

ஆவணன்:
கோபுரவாசி ஐயா சொன்னது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. வாரந்தோறும் ஆள் வேண்டும் என்றால் நிறுவனம் வேண்டும். நிறுவனம் வேண்டும் என்றால் தொடக்கத்திலேயே அதன் கதவைத் தட்டியிருக்க வேண்டும். கடிகாரத்தை மறுபடி நிறுத்தச் சொன்னதாக வந்த செய்தி உண்மையானால், அதையும் நான் ஆதரிக்கவில்லை. வழக்குத் தொடுப்பது நிர்வாகத்தின் உரிமை. ஓடுகிற பொருளை நிறுத்தச் சொல்வதும் பாதுகாப்பு நெறிப்படி ஒரு தலையீடுதான். அதற்கும் காரணம் எழுதி, பதிவு செய்து, நிபுணர் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும்.

கடிகாரப்பித்தன்:
கதவைத் தட்டியிருக்க வேண்டும் என்கிறீர்கள். வேலையை முடித்து, ஓடுகிற கடிகாரத்தைக் கையில் ஒப்படைத்தபோதே வழக்கு வந்தது. பழுதான கடிகாரத்தைக் காட்டி அனுமதி கேட்டிருந்தால் மட்டும் கதவு திறந்திருக்கும் என்று எதைக்கொண்டு நம்புகிறீர்கள்? கோபுரவாசி ஐயா சொன்ன மோட்டார் யோசனையை மட்டும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறேன்.

கோபுரவாசி:
ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. மோட்டார் வைத்தாலும் மாதம் ஒருமுறை எண்ணெய் பார்க்க யாராவது மேலே ஏறித்தான் ஆக வேண்டும். அந்தப் பெயர்ப்பட்டியலை முதலில் எழுதுங்கள்.