லூவர் நகைக் களவு: மனசில நிக்கிறதை எழுதுங்கோ

கொக்குவில் ரீச்சர்:
பாரிசில லூவர் மியூசியத்தில மஞ்சள் அங்கி போட்ட கள்ளர் லொறி ஏணியால யன்னலுக்கு ஏறி, பழைய அரச நகையளை எடுத்துக்கொண்டு போனது எல்லாருக்கும் தெரியும், அதை விரிச்சு எழுதேல்ல. தீபாவளிக்கு முதல்நாள், 2025 ஒக்டோபர் 19. அங்க காலமை ஒன்பதரை, எங்களுக்கு மத்தியானம் ஒரு மணி. கொஞ்சத்தால, நான் பலகாரம் சுட்டுக்கொண்டு நிக்கேக்க, பாரிசில இருக்கிற மகள் எடுத்து, "அம்மா, நீங்கள் பார்த்துக்கொண்டு நிண்ட அந்தப் பச்சைக்கல்லு மாலை களவு போயிட்டுது" எண்டாள்.

கோடையில அவளோட போனனான். சனம் எல்லாம் மொனா லிசாவுக்கு ஓட, நான் நகையள் வச்சிருந்த அப்பலோ கூடத்தில நிண்டிட்டன். 1810இல நெப்போலியன் மரி-லூயிசுக்குக் கலியாணத்துக்குக் குடுத்த மாலை. 32 மரகதம், 1,138 வைரம். பக்கத்தில ஒரு சின்னப்பிள்ளை, கண்ணாடியில தெரியிற தன்ர கழுத்து அந்த மாலைக்கு நேரா விழுமட்டும் குதிக்காலை உயர்த்தி உயர்த்திப் பார்த்தது. விழுந்த உடன அப்பிடியே ஆடாம நிண்டுது. செய்தியில உடைஞ்ச கண்ணாடி எண்டு சொல்லச் சொல்ல எனக்கு அந்தப் பிள்ளையின்ர முகம்தான்.

சுன்னாகத்தான்:
நான் பாரிசில கன வருசம் வீடு மாத்துற வேலை செய்து போட்டு வந்தனான். கள்ளர் ஏறின அந்த லொறி ஏணி எங்கட அன்றாடச் சாமான். பழைய கட்டிடங்களில படி ஒடுக்கம், சோபா, அலுமாரி எல்லாம் யன்னலாலதான் ஏத்தி இறக்கிறது. ஒருக்கா நாங்கள் ஏணியை நிமித்தேக்க ஒரு பொலிஸ்காரன் தானா வந்து வாகனங்களை மறிச்சு விட்டான். ஆற்ர வீடு, என்ன சாமான் எண்டு ஒரு கேள்வி இல்லை. மஞ்சள் அங்கியைப் பார்த்தான், அவ்வளவுதான். அது இப்ப நித்திரையில வருது.

ஏழு நிமிசம் எண்டு எல்லாரும் சொல்லுகினம். அது வந்து போன முழு நேரம். உள்ளுக்கு நிண்டது நாலு நிமிசம்கூட இல்லை.

நல்லூர்ப் பெடியன்:
நல்லூரில இருக்கிற பழைய மாளிகை, மந்திரிமனையில நிக்கேக்க வெளிநாட்டில இருந்து வந்த ஒரு தங்கச்சி கேட்டுது: "அண்ணா, ராசாவின்ர முடி எங்க வச்சிருக்கிறீங்கள்?" நான் வாயடைச்சுப் போனன். 1619இல போர்த்துக்கேயர் யாழ்ப்பாண ராசா சங்கிலியனைப் பிடிச்சு, கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றாங்கள். கண்டி ராசாவின்ர சிம்மாசனமும் முடியும் 1934இல இங்கிலாந்தில இருந்து திரும்பி வந்தது. 2023இல ஒல்லாந்தர் கண்டியில கொள்ளையடிச்ச பீரங்கியைத் திருப்பித் தந்தாங்கள். எங்கட ராசாவின்ரயை ஆர் கேட்டது? ரீச்சர், நெப்போலியன்ர நகைக்கு அழ எனக்கு மனம் வரேல்ல. அவனும் ஊரூராக் கொள்ளையடிச்சவன்தானே.

பட்டறை, கஸ்தூரியார் வீதி:
இடம்பெயர்ந்த காலத்தில எங்கட நகைப் பட்டறைக்கு ஒரு அம்மா பழைய அட்டியல் ஒண்டு உருக்கக் கொண்டு வந்தவ. அப்பா குறடால ஒவ்வொரு கல்லாக் கழட்டி வெள்ளைத் துணியில வைக்க வைக்க, அவ வாய்க்குள்ள எண்ணிக்கொண்டு இருந்தவ. கடைசிக் கல்லு வந்த உடன எழும்பி வெளியில போட்டா. தங்கம் மூசைக்குள்ள இறங்கினதை அவ பார்க்கேல்ல. செய்த கையின்ர வேலை கால் மணித்தியாலத்தில இல்லாமப் போகும். ஆக்களைப் பிடிச்ச பிறகும் நகை வராட்டி எனக்கு வேற நினைப்பு வராது.

இணுவில் அண்ணை:
எங்கட வீட்டில தேர்த்திருவிழா அண்டு களவு போனது. அலுமாரி திறந்து கிடந்தது, மனிசியின்ர சின்ன வயசுத் தோட்டுப்பெட்டி வெறுமையா நிலத்தில. அதுதான் கதை.

ஆனா எல்லாருக்கும் சொல்லுறன். நகை ஒவ்வொண்டையும் முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கோ, நிறையை எழுதுங்கோ, கடைத் துண்டை எறியாதேங்கோ. பொலிசில முறைப்பாடு எழுதேக்க "ஒரு சங்கிலி" எண்டு சொன்னால் ஒரு பிரயோசனமும் இல்லை. கோயிலுக்குப் போற படத்தை வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு பேஸ்புக்கில போடுங்கோ. வெளிநாட்டில இருந்து வாற பிள்ளையளுக்கும் இதைச் சொல்லுங்கோ, அவைதான் விமான நிலையத்திலயே படம் போடுறவை. உடுத்தாத நகையை வங்கி லொக்கரில வையுங்கோ. லூவர்க்காரரே மிச்ச நகையில சிலதைப் பிரான்ஸ் மத்திய வங்கிக்குக் கொண்டுபோய் வச்சிட்டினம். நாங்கள் எம்மாத்திரம்?

கொக்குவில் ரீச்சர்:
நல்லூர்ப் பெடியன், உங்கட ராசாவின்ர முடி எங்க எண்டு நானும் கேக்கிறன். ஆனா இந்த மாலை கொள்ளைப்பொருள் இல்லை, சம்பளம் குடுத்துப் பாரிஸ் நகைக்காரர் செய்தது. அரச நகைகளில கனக்கத்தை 1887இல பிரெஞ்சு அரசாங்கமே ஏலம் போட்டுது. பேந்து ஒவ்வொண்டாக் காசு குடுத்து வாங்கிச் சேர்த்தவை. இந்த மாலை லூவருக்கு வந்ததே 2004இலதான். இருநூறு வருசம் பிரியாமல் நிண்ட சாமான், தம்பி.

பட்டறைத் தம்பி, ஒண்டு கேக்கிறன். அந்த மரகதங்களை அடையாளம் தெரியாம வெட்டி விக்கலாமோ?

பட்டறை, கஸ்தூரியார் வீதி:
வெட்டலாம் ரீச்சர், ஆனா மரகதம் வைரம் மாதிரி இல்லை. உள்ளுக்கு நார் ஓடியிருக்கும், சக்கரத்தில பிடிக்கேக்க பிளந்து போகும். பெரிய கல்லு வெட்டுறவன் கை நடுங்கும். தப்பினதும் சின்னனாத்தான் வரும், விலை அடிமட்டத்துக்குப் போகும்.