விங்கேகார்ட் 2024-ல தோத்தது காயத்தாலயா, போகாச்சராலயா?

பாளை_பெடல்
டூர் டி பிரான்ஸ் (மூணு வார சைக்கிள் ரேஸ், ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ், எல்லா ஸ்டேஜும் சேத்து நேரம் கம்மியானவன் ஜெயிப்பான்) பேச்சு வந்தாலே இந்த சண்டையும் வந்துருது, அதான் தனித்திரி போட்டுட்டேன். 2024 ஏப்ரல்ல ஸ்பெயின்ல நடக்குத பாஸ்க் கன்ட்ரி ரேஸ்ல ஒரு இறக்கத்துல கூட்டமா விழுந்தாங்கல்லா, அதுல டென்மார்க்காரன் விங்கேகார்டுக்கு காலர்போன் போச்சு, விலா எலும்பு போச்சு, நுரையீரல்ல ஓட்டை, 12 நாள் ஆஸ்பத்திரி. ஜூன் 29 ஃப்ளாரன்ஸ்ல டூர் ஆரம்பிக்கும்போது ஆளு வந்து நிக்கான். மூணு மாசம் கூட ஆவல. அப்படியும் ரெண்டாவது வந்தான், 6 நிமிஷம் 17 செகண்ட் பின்னால. அந்த ஆறு நிமிஷமும் பாஸ்க் ரோட்டுலயே போயாச்சுங்கேன். ஸ்லோவேனியாக்காரன் போகாச்சர் ஜெயிச்சத பெருசா பேசுதவங்க இதயும் சேத்து பேசணும்.

அம்பை அண்ணாச்சி
தம்பி, 2023-ல போகாச்சர் லியேஜ் ரேஸ்ல விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சு வந்தான். அந்த டூர்ல கொம்ப்ளூ டைம் ட்ரையல்ல (ஒவ்வொருத்தனா தனியா ஓட்டி நேரம் பாக்குத ஸ்டேஜ்) 1 நிமிஷம் 38 செகண்ட் விட்டான், மறுநாள் கோல் டி லா லோஸ் ஏத்தத்துல ரேடியோவுல ‘நான் போயிட்டேன், செத்துட்டேன்’னான், கடைசில 7 நிமிஷம் 29 செகண்ட் வித்தியாசம். அன்னைக்கு நீரு என்ன எழுதுனீரு? ஒடிஞ்ச கைக்கும் மிதிக்க காலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டீரு. அந்த நியாயம் இப்போ எங்க போச்சு வே?

பாளை_பெடல்
மணிக்கட்டும் நுரையீரலும் ஒண்ணா அண்ணாச்சி? கையில கட்டு போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள ட்ரெய்னர்ல (நின்ன எடத்துலயே மிதிக்குத மெஷின்) மிதிக்கலாம், அவன் மிதிக்கவும் செஞ்சான். நுரையீரல் ஓட்டையான ஆளு எங்க மிதிப்பான், மூச்சு விடவே வலிக்கும்.

எலும்பு_அக்கா
பிசியோவா வேல பாக்கேன், அதனால நானும் நடுவுல வாரேன். ரெண்டு பேரும் எலும்பு எண்ணிக்கையவே பேசுதீய. காலர்போன பிளேட் வச்சு முடுக்கிட்டா ரேஸ்காரங்க கொஞ்ச நாள்லயே சைக்கிள்ல ஏறிருவாங்க. விலா எலும்புதான் சள்ளை. அதுக்கு கட்டும் கிடையாது பிளேட்டும் பெரும்பாலும் கிடையாது, ஆழமா மூச்சு இழுக்கும்போதெல்லாம் குத்தும், ஏத்தத்துல ஆழமா மூச்சு இழுக்காம எப்படி ஏறுவ. அதவிட பெரிய நட்டம் படுத்துக்கெடந்த நாளு. படுக்கையில கெடந்தா ரத்தத்துல நீர் அளவே குறைஞ்சிரும், போன தெம்ப திரும்பக் கொண்டுவாரதுக்கே வாரக்கணக்கா ஆவும். அதனால டூர் முதல் வாரத்துல ஆளு நல்லாத்தான் தெரிவான். அடி வாங்குதது மூணாவது வாரத்துல.

அம்பை அண்ணாச்சி
தாயி, அப்போ பதினஞ்சாவது ஸ்டேஜ் பிளாட்டோ டி பேய் மலை கணக்கு என்னது? 1998-ல அந்த வருஷ டூர ஜெயிச்ச பன்டானி ஏறுன நேரத்தவிட போகாச்சர் மூணு நிமிஷத்துக்கு மேல சீக்கிரமா ஏறுனான், அவனுக்கு 1 நிமிஷம் 8 செகண்ட் பின்னால விங்கேகார்ட். அப்படின்னா இவனும் பன்டானி நேரத்த ரெண்டு நிமிஷத்துக்கு மேல தாண்டியாச்சுல்லா. முதல்ல பாய்ஞ்சதே இவன்தான், பத்து கிலோமீட்டருக்கு மேல பாக்கி இருக்கும்போது. இது சீக்காளி ஏறுத ஏத்தமா? நல்லா ஏறுனான், அவனவிட நல்லா ஏற ஒருத்தன் இருந்தான், அவ்வளவுதான். அந்த ஒருத்தன் மே மாசம்தான் இத்தாலியோட மூணு வார ரேஸான ஜீரோ டி இத்தாலியாவையும் ஜெயிச்சுட்டு வந்தவன், அந்த அசதிய ஒருத்தரும் கணக்குல சேக்க மாட்டீய.

பாளை_பெடல்
அக்கா சொன்னத விட்டுட்டு பேசுதீய. அந்த ஸ்டேஜ் முடியும்போது வித்தியாசம் 3 நிமிஷம் 9 செகண்ட். கடைசில 6:17. பாதிக்குப் பாதி கடைசி வாரத்துல போயிருக்கு பாத்தீயளா. பதினொண்ணாவது ஸ்டேஜ்ல லெ லியோரான்ல போகாச்சர் தனியா பிச்சுக்கிட்டுப் போனவன இவன் துரத்திப் புடிச்சு ஸ்ப்ரின்ட்லயும் ஜெயிச்சு அழுதான், அதே ஆளு பத்தொம்பதாவது ஸ்டேஜ்ல இசோலா 2000-ங்குத ஊரு ஏத்தத்துல 1:42 விடுதான். கூட வந்து சேந்தது யாருன்னு பாருங்க, எவனெபூல். பாஸ்க்ல அதே விபத்துல காலர்போனும் தோள்பட்டை எலும்பும் ஒடிச்சுக்கிட்டவன். ஒரே எடத்துல விழுந்த ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தளருதாங்க, இது சும்மா நடக்குமா?

சும்மா_பாக்கேன்
கிரிக்கெட் பாக்குத ஆளு நானு. ஒரு சந்தேகம், நல்லா ஓட்டத் தெரிஞ்சவன் ஏன் விழுதான்?

பாளை_பெடல்
மக்கா ஆடி மாசம் பணகுடி தாண்டி காவல்கிணறு பக்கம் நாலுவழிச்சாலைல ஓட்டிப் பாரு. காத்தாடி எல்லாம் சுத்துத எடம், ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து பக்கவாட்டுல அடிக்கும், சைக்கிள சாய்ச்சுப் புடிச்சாத்தான் நேரா போவும். லாரி ஒண்ணு காத்த மறைச்சுட்டு தாண்டிப் போச்சுன்னா சாஞ்சு வந்தவன் அப்படியே லாரி பக்கம் போவான். பின்னால ஒரு சாண் இடைவெளில ஒட்டிக்கிட்டு வாரவன் முன் சக்கரம் இவன் பின் சக்கரத்துல தொட்டா முடிஞ்சு, விழுதது பெரும்பாலும் பின்னால வாரவன்தான். அவன் மேல ஒரு தப்பும் கெடையாது. டூர்ல நூத்தம்பது பேருக்கு மேல அப்படி ஒட்டிக்கிட்டு போறாங்க.

அம்பை அண்ணாச்சி
சரி 2024-ல விபத்து. 2025-ல என்ன சொல்லப் போறீய? அதுலயும் 4 நிமிஷம் 24 செகண்ட், ஓட்டகாம் ஒரே ஏத்தத்துல 2:10.

பாளை_பெடல்
2025 மார்ச்சுல பாரிஸ்-நீஸ்ல விழுந்து தலைல அடிபட்டு கன்கஷன் ஆச்சே.

அம்பை அண்ணாச்சி
வருஷத்துக்கு ஒரு விபத்த எடுத்து வைக்கீரு வே. ஓட்டகாமுக்கு முந்தின நாள் டூலூஸ் கிட்ட விழுந்தது யாரு? போகாச்சர். கைய தேச்சுக்கிட்டு வந்து மறுநாள் அந்த 2:10-ஐ போட்டான்.

எலும்பு_அக்கா
அண்ணாச்சி, சிராய்ப்பும் எலும்பு முறிவும் வேற. ஆனா சிராய்ப்பயும் லேசா நெனைக்காதீய. குளிக்கும்போது தண்ணி பட்டா உயிர் போவும், ராத்திரி போர்வை புண்ணுல ஒட்டிக்கிடும், திரும்பிப் படுத்தா பிச்சுக்கிட்டு வரும். தூக்கம் போச்சுன்னா மறுநாள் காலு வராது. வலி தாங்க முந்தியெல்லாம் ட்ரமடால் போடுவாங்க, 2019-லயே யூசிஐ (உலக சைக்கிள் சங்கம்) அத தடை பண்ணிட்டு. ஒரு ராத்திரிய தாண்டுனவன் மறுநாள் ஜெயிக்கலாம், ரெண்டு வாரம் அப்படித் தூங்காம கெடந்தாத்தான் தெரியும். எனக்கு பயமெல்லாம் தலையடிதான். ஒடிஞ்ச எலும்பு படத்துல தெரியும், தலை தெரியாது. விழுந்தவன் எந்திச்சு முதல்ல சைக்கிளத்தான் தேடுதான், டாக்டரு ரோட்டோரம் ரெண்டு கேள்வி கேக்கதுக்குள்ள ஏறிப் போயிருதான்.

சும்மா_பாக்கேன்
கிரிக்கெட்ல 2019-ல இருந்து தலைல அடிபட்டா மாத்து ஆள் இறக்கலாமே. இங்கன கிடையாதா?

பாளை_பெடல்
கிடையாது. ஒரு டீம் எட்டு பேரோட ஆரம்பிச்சா அந்த எட்டுதான். 2025-ல பச்சை ஜெர்சி (பாயின்ட்ல முன்னால நிக்கவனுக்கு உள்ளது) போட்டிருந்த ஃபிலிப்சன் மூணாவது ஸ்டேஜ்லயே காலர்போன் ஒடிஞ்சு போயிட்டான், மிச்ச 18 ஸ்டேஜும் அந்த டீம் ஏழு பேருக்குள்ளதான் ஓட்டிச்சு.

அம்பை அண்ணாச்சி
மாத்து ஆள் விட்டா ரேஸே போச்சு. பதினஞ்சாவது நாள் காலு செத்தவனுக்கெல்லாம் தலை வலிக்க ஆரம்பிச்சிரும், புதுக்காலோட ஒருத்தன் வந்து லீடருக்கு ஏத்தத்துல இழுத்துக் குடுப்பான். மூணு வாரம் தாங்குததுதான இந்த ரேஸே.

எலும்பு_அக்கா
மாத்து ஆள் வேண்டாம், ஒத்துக்கிடுதேன். பத்து நிமிஷம் உக்கார வச்சு பாத்துட்டு, சரியா இருந்தா அந்த பத்து நிமிஷத்த கணக்குல கழிச்சு விடுங்கன்னுதான் கேக்கேன். சமதள ஸ்டேஜ்ல கடைசி 3 கிலோமீட்டருக்குள்ள விழுந்தவனுக்கு கூட்டத்தோட நேரத்தயே குடுக்கதுக்கு ரூல் இருக்குல்லா, அத மாதிரி.

அம்பை அண்ணாச்சி
நேரத்த கழிப்பீய, கூட்டத்த எப்படிப் புடிப்பான்? பத்து நிமிஷத்துல பெலோட்டான் (அந்த பெரிய கூட்டம்) ஏழு கிலோமீட்டர் தள்ளிப் போயிரும். தனியா காத்துல தொரத்துததுக்கு வீட்டுக்கே போயிரலாம்.

பாளை_பெடல்
டூலூஸ்ல போகாச்சருக்காக முன்னால போனவங்க வேகத்த குறைச்சாங்கல்லா அண்ணாச்சி. விங்கேகார்டும் குறைச்சான்.

எலும்பு_அக்கா
அது போகாச்சரு தம்பி. தண்ணி பாட்டில் எடுத்துட்டு வாரதுக்கு டீம் கார் பக்கம் போன பய விழுந்தா ஒருத்தனும் திரும்பிக்கூட பாக்க மாட்டான். அவனுக்குத்தான் ரூல் கேக்கேன்.