கறுப்பு வண்டியில் க்ளே பார் போட்டதும் பானெட் மங்கிவிட்டது, மீதியைச் செய்யலாமா?

எர்ணாவூர்க்காரன்:

வணக்கம். அப்பா ஓய்வுபெற்ற பணத்தில் 2021இல் வாங்கிய கறுப்பு வண்டி. வீடு விம்கோ நகர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். வண்டி நிற்பது தெருவில், மேலே கூரை கிடையாது. ஒரு பக்கம் தண்டவாளம், இன்னொரு பக்கம் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள். காற்று திரும்பினால் அனல் மின் நிலையச் சாம்பல் வேறு. எவ்வளவு கழுவினாலும் பானெட்டைத் தடவினால் ரவை ஒட்டியதுபோல ஒரு சொரசொரப்பு.

போன ஞாயிறு காலை பத்து மணிக்கு க்ளே பார், அதாவது பெயிண்டில் ஒட்டிய அழுக்கைப் பிடித்து இழுக்கும் களிமண் மாதிரியான கட்டி, எடுத்து உட்கார்ந்தேன். ஷாம்புவைப் போர் தண்ணீரில் கலந்து ஸ்பிரே செய்து, பானெட்டில் டிரைவர் பக்கப் பாதியைத் தேய்த்தேன். விரல் வழுக்கிக்கொண்டு ஓடும் அளவுக்கு வழவழப்பு வந்தது. துடைத்துவிட்டு வெயிலில் பார்த்தால், அந்தப் பாதி முழுக்க மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி மங்கல், நடுவில் மெல்லிய கோடுகள். தொடாத பாதி இதைவிடப் பளபளப்பாக இருக்கிறது.

கலருக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு, க்ளியர் கோட், போய்விட்டதா? மீதியைச் செய்யலாமா, அப்படியே விட்டுவிடலாமா? அப்பா ஊருக்குப் போயிருக்கிறார், இரண்டு வாரத்தில் வந்துவிடுவார். அதற்குள் சரிசெய்ய வேண்டும்.

தண்டையார்பேட்டை பெயிண்டர்:

தம்பி, பயப்பட வேண்டாம். இருபது வருஷத்துக்கு மேல் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறேன். கம்பெனி பெயிண்ட் என்றால் பிரைமர், கலர், க்ளியர் எல்லாம் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 140 மைக்ரான் இருக்கும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் மேலே உள்ள க்ளியர் 35, 40, சிலதில் 50 மைக்ரான். மெல்லியதுதான், ஆனாலும் கையால் ஒரு தடவை க்ளே தேய்த்து அதைத் தாண்ட முடியாது. போனது பளபளப்பு, பெயிண்ட் இல்லை.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கோட்டுக்குக் குறுக்கே நகத்தை லேசாக இழுத்தால் தட்டுகிறதா? தண்ணீர் ஊற்றினால் மங்கல் மறைகிறதா? க்ளேயில் ஒட்டியிருப்பது என்ன நிறம்? வண்டியின் கறுப்பே அதில் இறங்கியிருந்தால், அது யாரோ க்ளியர் போடாமல் திரும்ப அடித்த இடம். அதற்கு வைத்தியம் வேறு.

கொருக்குப்பேட்டை வேன்:

கெரசின் போட்டுத் துடைத்துவிட்டு ரப்பிங் காம்பவுண்டை வட்டமாகத் தேயுங்கள். எங்கள் வெள்ளை வேனுக்கு அப்படித்தான் செய்கிறோம், நன்றாக வருகிறது.

தண்டையார்பேட்டை பெயிண்டர்:

வெள்ளையிலும் கோடு விழும், கண்ணுக்குத் தெரியாது. கறுப்பில் அதே கோடு தெருவிளக்கு அடியில் சிலந்தி வலை மாதிரி சுற்றிச் சுற்றித் தெரியும். கெரசின் தார்ப் பொட்டை எடுக்கும், அதோடு ஒரு எண்ணெய்ப் படலத்தையும் விட்டுப் போகும். மங்கல் போய்விட்டது என்று நினைப்போம், நாலு தடவை கழுவினதும் திரும்பி வந்து நிற்கும். இந்தத் தம்பிக்கு இப்போது இரண்டும் வேண்டாம்.

எர்ணாவூர்க்காரன்:

அண்ணா, நகம் எங்கேயும் தட்டவில்லை. தண்ணீர் ஊற்றினால் மங்கல் மறைகிறது, காய்ந்ததும் வருகிறது. க்ளே சாம்பல் நிறமாக ஆகியிருக்கிறது, அதில் கடுகைவிடச் சின்னதாக ஆரஞ்சுப் புள்ளிகள். கறுப்பு இறங்கவில்லை. ஒரு தடவைகூட மடிக்கவில்லை, ஒரே பக்கத்தால் பாதி பானெட்டையும் முடித்தேன். மாட்டின இடத்தில் அழுத்தித் தேய்த்தேன்.

பெரம்பூர் டீடெய்லர்:

அந்த ஆரஞ்சுப் புள்ளிதான் பதில். அது இரும்பு. ரயில் பிரேக் பிடிக்கும்போது சக்கரத்திலிருந்தும் பிரேக் கட்டையிலிருந்தும் தூள் பறக்கிறது. அது க்ளியரில் பதிந்து, ஈரக்காற்றில் துருப்பிடிக்கிறது. லைன் ஓரம் நிற்கும் வண்டிகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது. க்ளே அதைக் கரைப்பதில்லை. மேலே நீட்டிக்கொண்டிருப்பதைப் பிடித்துப் பிடுங்குகிறது, பிடுங்கினது க்ளேயின் முகத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் மடிக்காமல் அடுத்த இடத்துக்குப் போனபோது அந்த இரும்பை வைத்தே பெயிண்டைத் தேய்த்திருக்கிறீர்கள். பத்து மணி வெயிலில் ஸ்பிரே காய்ந்து வழுக்கலும் போயிருக்கும்.

அதனால் இரும்பை முதலில் மருந்தால் எடுங்கள். அயர்ன் ரிமூவர் என்று கேட்டால் கிடைக்கும். விடிந்ததும், புறங்கையை வைத்தால் தகடு ஜில்லென்று இருக்கும் நேரத்தில், வண்டியை நன்றாகக் கழுவிவிட்டு அடியுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அழுகிய முட்டை மாதிரி நாற்றம் வரும். இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதாவாகி ஒழுகும். டப்பாவில் போட்ட நேரத்துக்கு மேல் விடாதீர்கள், எக்காரணம் கொண்டும் காயவிடாதீர்கள். நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

பிறகு விரலில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டித் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பும் பைக்குள் தெரியும். தெரிகிற இடத்துக்கு மட்டும் க்ளே. கறுப்புக்கு ஃபைன் கிரேடு தவிர வேறு வேண்டாம். பாதியை வெட்டி எடுத்து, மிச்சத்தைப் பத்திரமாக வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பிசைந்து பிஸ்கட் அளவுக்குத் தட்டி, மூன்று விரலுக்கு அடியில் வைத்து, விரலின் கனம் மட்டும் போதும் என்று நினைத்து நகர்த்துங்கள். நேர்க்கோட்டில், ஒன்றரை அடி இடத்துக்கு மேல் ஒரு நேரத்தில் வேண்டாம். தகடும் க்ளேயும் சொட்டச் சொட்ட நனைந்திருக்க வேண்டும். முதலில் சரசரவென்று ஒரு சத்தம் கேட்கும், அது அடங்கினால் அந்த இடம் முடிந்தது. நாலைந்து இழுப்புக்கு ஒரு தடவை திருப்பிப் பார்த்து அழுக்கை உள்ளே மடியுங்கள். கீழே விழுந்தால், ஒரே ஒரு தடவை விழுந்தாலும், குப்பையில் போட்டுவிடுங்கள். காசு போகிறதே என்று மண் ஒட்டினதை எடுத்துக் கழுவித் தேய்த்தவர்களின் பானெட் என்னிடம் வந்திருக்கிறது, பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

ஸ்பிரேக்கு க்ளே லூப்ரிகன்ட் வாங்கிவிடுங்கள். சில ஷாம்பு க்ளேயையே பிசுபிசுப்பாக்கிவிடும். உப்புள்ள போர் தண்ணீர் கறுப்பில் காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும், கடைசி அலசலுக்காவது கேன் தண்ணீர் வையுங்கள்.

இப்போது இருக்கும் மங்கலுக்கு ஃபினிஷிங் பாலிஷ், மெத்தென்ற ஃபோம் பேட். ஒரு சாண் இடத்தில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கடைசியில் வாக்ஸ் கட்டாயம், க்ளேயும் பாலிஷும் போட்ட இடத்தில் பழைய வாக்ஸ் பெரும்பாலும் மிஞ்சாது.

அத்திப்பட்டு:

சாம்பலைப் பற்றி ஒன்று. கையில் எடுத்தால் மாவு மாதிரி இருக்கும், ஆனால் பெரும்பகுதி சிலிக்கா, அலுமினா. நுண்ணிய கண்ணாடி உருண்டைகள் என்றே சொல்லலாம். எங்கள் தெருவில் காலையில் எல்லோரும் காய்ந்த டஸ்டரால் வண்டியைத் தட்டுகிறார்கள். கறுப்பு வண்டிக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. முதலில் தண்ணீர், பிறகுதான் கை. கவரும் அப்படித்தான். சாம்பல் மேல் கவர் போட்டால் கடல் காற்றில் அது ஆடி ஆடித் தேய்க்கும்.

எர்ணாவூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இந்த ஞாயிறு ஐந்தரைக்கே எழுந்துவிட்டேன். அயர்ன் ரிமூவர் அடித்த இரண்டாவது நிமிஷம் நாவல்பழச் சாறு மாதிரி ஒழுகியது. தண்டவாளத்தைப் பார்த்து நிற்கும் இடது பக்கத்தில்தான் அதிகம், வலது பக்கத்தில் பொட்டுப் பொட்டாக. அலசிவிட்டுப் பையை மாட்டித் தடவினால் முக்கால்வாசி வழவழ. பானெட்டின் மீதிப் பாதிக்கு க்ளே பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, மங்கலும் வரவில்லை.

பழைய பாதியில் ஒரு சாண் இடத்துக்கு பாலிஷ் போட்டேன் அக்கா. துடைத்ததும் அதில் எங்கள் மாடிக் கம்பி நேராகத் தெரிந்தது, பக்கத்தில் கலங்கித் தெரிந்தது. அப்படியே முழுப் பாதியையும் கையாலேயே முடித்தேன், தோள் இன்னும் வலிக்கிறது.

ஒரு சந்தேகம். பின் இடது கதவில் பாலிஷ் போட்டபோது துணி கறுப்பாகிவிட்டது. உடனே நிறுத்திவிட்டேன். அப்பாவுக்குப் போன் செய்து நடந்ததை எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், இரண்டு வருஷம் முன்பு ஒரு ஆட்டோ உரசி, எங்களுக்குச் சொல்லாமல் அந்தக் கதவை வெளியே பெயிண்ட் அடித்து வாங்கினேன் என்றார்.

தண்டையார்பேட்டை பெயிண்டர்:

நான் கேட்டது அதற்காகத்தான். க்ளியர் இல்லாத பெயிண்ட், தேய்க்கத் தேய்க்கக் கலரே போகும். அந்தக் கதவுக்கு க்ளேயும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். கழுவி, நிழலில் வாக்ஸ் மட்டும் போடுங்கள். அப்பா வந்ததும் இரண்டு பேருமாக வண்டியைக் கொண்டுவாருங்கள், பகல் வெளிச்சத்தில் பெயிண்ட் கனம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.