பழைய பத்திரம் படித்த கதை: கல்லூரியில் ஆய்வு வேலை பார்த்தவர்கள் வாருங்கள்

தென்காசிக்காரி:
அமெரிக்காவில் மினியாபொலிஸில் இளங்கலை படித்தபோது, சமூகவியல் பாடத்துக்காக பழைய சொத்துப் பத்திரங்களில் உள்ள இன ஷரத்துகளை, அதாவது இன்ன இனத்தார் வாங்கவோ குடியிருக்கவோ கூடாது என்ற நிபந்தனைகளை, தேடிக் குறிக்கும் ‘மேப்பிங் ப்ரெஜுடிஸ்’ திட்டத்தில் பத்திரம் படித்துக் கொடுத்தேன். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2016-இல் தொடங்கிய வேலை. ஸ்கேன் செய்த பழைய கிரயப் பத்திரங்களில் ‘நீக்ரோ’, ‘காகேசியன்’ (வெள்ளையர் என்ற பொருளில் எழுதுவது) போன்ற சொற்கள் வரும் பக்கங்களைக் கணினி பொறுக்கித் தரும். அது உண்மையிலேயே இன ஷரத்துதானா, எந்த மனை, எந்தத் தேதி என்று மனிதர்தான் படித்துக் குறிக்க வேண்டும். ஒரே பக்கத்தைப் பல பேர் தனித்தனியாகப் படிப்போம்.

முதல் வாரம் தூக்கம்தான் வந்தது. நாலெல்லை, மனை எண், வாரிசுகள் என்று போகும் நடை எங்கள் தாத்தா வாசித்துக் கேட்டதுதான். அப்புறம் ஒரு பக்கம் வந்தது. வீடு தெருவிலிருந்து இத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும், இத்தனை டாலருக்குக் குறைவாகக் கட்டக்கூடாது, பன்றி வளர்க்கக்கூடாது, வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக்கூடாது, வீட்டு வேலையாட்கள் தவிர. எல்லாம் ஒரே பத்தி. பன்றிக்கும் மனுசனுக்கும் நடுவில் ஓர் அரைப்புள்ளி. திட்டி எழுதியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. வடிகால் விதி எழுதுகிற குரலில் எழுதியிருந்தார்கள்.

அந்த ஊரின் முதல் இன ஷரத்து 1910-இல் எழுதியது. சீனர், ஜப்பானியர், மூர் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள்), துருக்கியர், நீக்ரோ, மங்கோலியர், ஆப்பிரிக்கர் யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ வாடகைக்கு விடவோ கூடாதாம். மினியாபொலிஸில் அன்றைக்குத் துருக்கியர் எத்தனை பேர் வீடு தேடி அலைந்திருப்பார்கள்!

“காகேசியனுக்கு மட்டும் என்றால் நீ உள்ளேயா வெளியேயா?” என்று கூடப் படித்தவள் கேட்டாள். சிரித்துவிட்டேன். இரவு அறைக்குப் போய் அமெரிக்கக் குடியுரிமை கேட்ட இந்தியரான பகத் சிங் திந்தின் 1923-ஆம் ஆண்டு வழக்கைப் படித்தேன். இந்தியரை அறிவியல் காகேசியன் என்று சொன்னாலும், சாதாரண ஜனங்களின் பேச்சில் அவர் வெள்ளையர் ஆகமாட்டார், எனவே குடியுரிமை கிடையாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். மறுநாள் அவளிடம் “வெளியே” என்றேன்.

குமரன்:
அக்கா, நான் டெட்ராய்ட். எனக்குக் கிடைத்தது கணக்கு வேலை. இனத்தார் ஊரில் எவ்வளவு பிரிந்து குடியிருக்கிறார்கள் என்று அளக்க டிஸ்ஸிமிலாரிட்டி இன்டெக்ஸ் என்று ஒன்று: ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு இனத்தாரும் ஊர் முழுக்க உள்ள அதே விகிதத்தில் வர வேண்டுமென்றால், ஓர் இனத்தாரில் நூற்றுக்கு எத்தனை பேர் வீடு மாற வேண்டும்? 60-ஐத் தாண்டினாலே பிரிவு கடுமை. நான் பெரிய பகுதிகளை வைத்து ஒரு தடவை, சின்னப் பகுதிகளை வைத்து ஒரு தடவை போட்டேன். இரண்டாவது விடை கூடுதலாக வந்தது. தப்பு என்று பயந்து ராத்திரி முழுக்கத் தேடினேன். தப்பே இல்லை, சின்னதாக வெட்டினால் எண் ஏறத்தான் செய்யும்.

ஒரு சனிக்கிழமை எய்ட் மைல் சாலைக்குத் தெற்கே பிர்வுட் சுவரைப் பார்க்கப் போனோம். 1941-இல் எழுப்பியது, ஆறடி உயரம், அரை மைல் நீளம். கறுப்பினக் குடியிருப்பு பக்கத்திலேயே இருந்ததால், வெள்ளையருக்கு வீடு கட்ட வந்த ஆளுக்குக் கூட்டரசின் கடன் உத்தரவாதம் கிடைக்கவில்லை. சுவர் வைத்த பிறகு கிடைத்தது. இன்று இரண்டு பக்கமும் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள்தான். என் கணக்கில் அந்த இடத்தில் பிரிவே தெரியாது. சுவர் மட்டும் நிற்கிறது. பூங்கா ஓரத்தில் வண்ணப்படம் வரைந்திருக்கிறார்கள், கொல்லைப்புறத்தில் ஒருவர் அதில் ஏணி சாய்த்து வைத்திருந்தார்.

மலர்:
அக்கா, அந்த ஷரத்தைப் பத்திரத்திலிருந்து எடுக்க முடியாதா?

தென்காசிக்காரி:
1948-லேயே இதை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. 1968-இல் சட்டமும் தடுத்துவிட்டது. எழுத்து மட்டும் பத்திரத்தில் கிடந்தது. 2019-இல் மினசோட்டா ஒரு சட்டம் போட்டது. வீட்டுக்காரர் படிவம் கொடுத்தால், ஷரத்து செல்லாது என்று ஒரு தாளைப் புதிதாகப் பதிவு செய்வார்கள். பழைய பக்கத்தைக் கிழிக்க மாட்டார்கள், கோடு போட்டு அடிக்கவும் மாட்டார்கள்.