'பைனல்' என்று சொல்பவர் எங்கே இருக்கிறார்?

தண்டையார்பேட்டை மாணவன்:
விமானிகளுக்கான வானொலித் தேர்வுக்குப் படித்துவருகிறேன். வெகுதொலைவிலிருந்து ஓடுபாதைக்கு நேராக வருபவரும், தரையிறங்குவதற்காகத் தளத்தைச் சுற்றும் சுற்றுப்பாதையில் கடைசித் திருப்பத்தை முடித்தவரும், இறங்கும் கடைசி நேர்ப்பாதையில் இருப்பதைக் குறிக்க ஒரே 'பைனல்' என்ற சொல்லைச் சொன்னால், அந்தத் திருப்பத்துக்கு முந்தைய 'பேஸ்' பகுதியில் இருப்பவர் யாரை எங்கே தேடுவார்?

வியாசர்பாடி பெரியவர்:
தம்பி, இதற்கு அளவு உண்டு. பன்னாட்டு நடைமுறைப்படி, தரைதொடும் இடத்திலிருந்து 4 கடல் மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 7 கிலோமீட்டருக்கு அப்பால் திரும்புபவரும், நேராக வந்து 8 கடல் மைலை எட்டுபவரும் 'லாங் பைனல்' என்று அறிவிக்க வேண்டும். 4 மைலுக்கு வந்த பிறகுதான் வெறும் 'பைனல்'. ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து திருவொற்றியூர்க் கோயிலையும் தாண்டிய தூரம் அது. கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத தளங்களில் மைலையும் சேர்த்துச் சொல்லிவிடுவதே நல்லது.

பெரம்பூர் வாசகி:
எனக்கு அதைவிடக் கவலை தருவது, 'நம்பர் டூ, செஸ்னாவைத் தொடரவும்' என்று, அதாவது முன்னால் போகும் செஸ்னா வகைச் சிறுவிமானத்துக்கு அடுத்ததாக இறங்கும்படி, கோபுரம் சொல்வதுதான். சுற்றுப்பாதையில் இரண்டு வெள்ளைச் செஸ்னாக்கள் பறந்தால் எதைத் தொடர்வது? முன்னால் உள்ளது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கேட்டு, கண்ணில் படாவிட்டால் படவில்லை என்றே சொல்லுங்கள், ஊகித்துத் திரும்பாதீர்கள்.

கொருக்குப்பேட்டை நண்பர்:
'டேக் ஆப்' என்ற சொல்லையும் கவனியுங்கள். 1977இல் ஸ்பெயினின் டெனரீப் தீவு விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்ததில், தெளிவற்ற வானொலிச் சொற்களுக்கும் பங்கு இருந்தது. இன்று புறப்பட அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ மட்டுமே கோபுரம் அச்சொல்லைப் பயன்படுத்துகிறது. மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்' என்றுதான் சொல்வார்கள். தேர்வில் இது கட்டாயம் வரும்.