டிபிஇபி (மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம்) காலத்துல மதிப்பீட்டுக்குப் போனவங்க, வந்தவங்களைப் பார்த்தவங்க: ஒரு சம்பவம் சொல்லுங்க

கணக்கெடுத்தவன்

டிபிஇபி என்னன்னு விளக்கப் போறதில்ல. தெரியாதவங்க இதைப் படிக்க வரப்போறதும் இல்ல.

பி.எஸ்சி. புள்ளியியல் முடிச்சுட்டு வேலையில்லாம இருந்த நேரம். தினப்படி உண்டு, பஸ் காசு தனின்னு சொன்னாங்க, கிளம்பிட்டேன். கிருஷ்ணகிரி பிரியாத பழைய தர்மபுரி மாவட்டம், அரூர் தாண்டி சித்தேரி மலையடிவாரம். மாசி மாசம், நல்ல வெயில்.

படிவத்துல ரெண்டு கட்டம் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். ஒண்ணு ‘பதிவேட்டின்படி’, இன்னொண்ணு ‘தலையெண்ணிக்கைப்படி’. மூணாம் வகுப்புப் பதிவேட்டுல 42 பேர். நானே வாங்கிப் பேர் பேரா கூப்பிட்டேன். சத்தம் வந்த பேருக்கெல்லாம் ஒரு புள்ளி வச்சேன். கூட்டினா 22. நிமிர்ந்து தலையை எண்ணினா 19.

மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை பதிவேட்டைப் பார்க்காம வாயைப் பார்த்தேன். ரெண்டாவது வரிசைல மஞ்சள் ரிப்பன் கட்டின பொண்ணு. தன் பேருக்கு ஒருதரம் “உள்ளேன் ஐயா.” அப்புறம் வேற மூணு பேருக்கும் அவளே “உள்ளேன் ஐயா.” திருட்டு முழி எதுவும் இல்ல, ஏதோ பொறுப்பா ஒரு வேலை செய்யற மாதிரி இருந்தா. “யாரும்மா அவங்கல்லாம்?”னு கேட்டேன். “பெங்களூரு போயிருக்காங்க சார், செங்கச்சூளைக்கு. நான் சொல்லிடுவேன்”னா.

தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் நின்னு நகத்துல இருந்த சாக்பீஸைச் சுரண்டிக்கிட்டு இருந்தார். ஒரு வார்த்தை பேசல. எழுதாதேன்னும் சொல்லல, எழுதுன்னும் சொல்லல.

தலையெண்ணிக்கைக் கட்டத்துல நான் 22ன்னு எழுதினேன். ஏன்னு கேட்டா இன்னைக்கும் பதில் இல்ல.

ஓய்வுவாத்தியார்

கணக்கெடுத்தவன் தம்பி, அந்த ஜன்னல் பக்கம் நின்ன ஆள் நான் இல்ல. ஆனா நானாவும் இருந்திருக்கலாம். திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்னு பேர் இருந்த காலத்துலேர்ந்து தலைமையாசிரியரா இருந்தவன்.

உங்க எழுத்துல அந்த ஆள் ஏதோ திருடன் மாதிரி தெரியறார். அப்படி இல்ல. தை முடிஞ்சா குடும்பம் குடும்பமா சூளைக்குப் போகும், ஆனி ஆடியில திரும்பும். போன பிள்ளை பேரை அடிச்சுட்டா, திரும்பி வரும்போது புதுசா சேர்க்கணும். அப்பன் வரணும், கையெழுத்து போடணும், ஒருநாள் கூலி போகும். வரமாட்டான். பேர் பதிவேட்டுல இருந்தா பிள்ளை நேரா வந்து தன் இடத்துல உட்காரும். நீங்க பொய்க்கணக்குன்னு பார்த்தது எங்களுக்கு சாத்தாத கதவு. ஆகஸ்ட் 1 நிலவரப்படி பணியிட நிர்ணயம், 40 பிள்ளைக்கு ஒரு வாத்தியார்ங்கிற கணக்கும் அப்ப இருந்துச்சுதான், இல்லன்னு சொல்லல. ஒரு பணியிடம் போச்சுன்னா அஞ்சு வகுப்புக்கும் நான் ஒருத்தன். அதுக்கும் சேர்த்துத்தான் பேரைக் காப்பாத்தினோம்.

இப்ப கள ஆய்வுக்குப் போற பிள்ளைகளுக்கு ஒண்ணு சொல்றேன். ஒரே நாள்ல போய் எண்ணாதீங்க. கார்த்திகையில ஒருதரம், மாசியில ஒருதரம், ஆடி கடைசியில ஒருதரம் போங்க. பள்ளிக்குப் போறதுக்கு முன்னாடி டீக்கடையில உட்கார்ந்து எந்தத் தெரு பூட்டிக் கிடக்குன்னு கேளுங்க. சத்துணவு ஆயாகிட்ட எத்தனை பேருக்கு உலை வைக்கிறீங்கன்னு கேளுங்க. பதிவேடு பொய் சொல்லலாம், படியளவு சொல்லாது (சில ஊர்ல அதுவும் சொல்லும், அது வேற கதை). வாத்தியாரை அதட்டாதீங்க. தண்ணி கேட்டுக் குடிங்க.

என் கதை சின்னது. ஆசிரியருக்கு வருஷம் ரூ.500, பள்ளிக்கு ரூ.2000 கொடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? கற்பித்தல் பொருள் செய்யறதுக்கு அந்த ஐந்நூறு. அட்டை, கலர் தாள், பசை வாங்கினது போக, கிழவி ஒருத்தியிடம் ரெண்டு படி புளியங்கொட்டை வாங்கினேன், கூட்டல் கழித்தலுக்கு. தணிக்கைக்கு வந்தவர் கேட்டார்: “புளியங்கொட்டைக்கு பில் எங்கே?” நான் சிரிச்சுட்டேன். அவர் சிரிக்கல. அந்தக் காசை என் கையிலேர்ந்து கட்டினேன். கொட்டை மட்டும் நான் ஓய்வு பெறுற வரைக்கும் டப்பாவுல இருந்துச்சு.

இரண்டுநாக்கு

வாத்தியார் சார் ‘தண்ணி கேட்டுக் குடிங்க’ன்னு எழுதியிருக்கார். அந்த வரிக்காகத்தான் எழுதறேன்.

நான் காரில் வந்த பக்கம். ஆறு மாசத்துக்கு ஒருதரம் வருமே கூட்டு ஆய்வுக் குழு, பணம் கொடுத்த உலக வங்கி, ஐரோப்பிய ஆணையம் ஆட்களும் டெல்லி அதிகாரிகளுமா. எம்.ஏ. ஆங்கிலம் படிச்சுக்கிட்டிருந்த என்னை மொழிபெயர்க்கக் கூட்டிட்டுப் போனாங்க. விழுப்புரம் மாவட்டம். புதுக் கட்டடம், பெயின்ட் வாசனை போகல. சுவர் முழுக்க அட்டைப்படம்.

குழுவில் ஒரு வெள்ளைக்கார அம்மா. நல்லவங்க, தரையில பிள்ளைகளோட உட்கார்ந்துட்டாங்க. பக்கத்துல இருந்த பையனைப் பார்த்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டு வர்றியான்னு கேட்டாங்க. நான் தமிழ்ல சொன்னேன். மூலையில பானை, அதுமேல தட்டு, அதுமேல தம்ளர். பையன் எழுந்து நின்னான். நகரல. பானையைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான். வகுப்பு மொத்தமும் அப்படியே உறைஞ்சு போச்சு. மூணு நாலு வினாடிதான் இருக்கும். முன்வரிசையிலேர்ந்து இன்னொரு பொண்ணு ஓடிப்போய் மொண்டு கொண்டுவந்து கொடுத்தா.

அந்த அம்மா என்னைப் பார்த்து, அவன் ஏன் போகலன்னு கேட்டாங்க. நான் தலைமையாசிரியரைக் கேட்டேன். “அவன் கூச்ச சுபாவம்”னார்.

எனக்குத் தெரியும். நான் பிறந்ததும் அதே மாவட்டத்துலதான், தெரியாம இருக்குமா. ஆனா அவர் சொன்னதை அப்படியே இங்கிலீஷ்ல சொன்னேன். அந்த அம்மா பையனைப் பார்த்துச் சிரிச்சாங்க. படிவத்துல ‘குடிநீர் வசதி: உண்டு.’

சமூகப் பிரிவுகளுக்கு நடுவுல சேர்க்கையிலும் கற்றலிலும் இருக்குற இடைவெளியை 5 சதவீதத்துக்குள்ள கொண்டு வரணும்னு திட்டத்தோட இலக்கு. திரும்பி வரும்போது காரில் அதைத்தான் பேசிக்கிட்டு வந்தாங்க. அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன், டிரைவர் அண்ணன் என்ன பேசறாங்கன்னு கேட்டதால.

ரிக்ரஷன்ராஜா

எல்லாம் உருக்கமா இருக்கு, ஆனா ஒரு சம்பவத்தை வச்சுத் திட்டத்தை எடை போட முடியாது. கொஞ்சம் பெரிய படத்தையும் பாருங்க.

1994ல முதல் கட்டம் 7 மாநிலம், 42 மாவட்டம். கடைசியில 18 மாநிலம், 270 மாவட்டத்துக்கு மேல. செலவுல மத்திய அரசு வழியா 85 சதவீதம், மாநிலம் 15. கட்டடத்துக்கு 24 சதவீதத்துக்கு மேல செலவு பண்ணக்கூடாது, நிர்வாகத்துக்கு 6க்கு மேல கூடாதுன்னு உச்சவரம்பு. இடைநிற்றலை 10 சதவீதத்துக்குக் கீழ இறக்கணும், கற்றல் அடைவு, திட்டம் தொடங்கறப்ப எடுத்த அடிப்படை ஆய்வுல இருந்ததைவிட 25 சதவீதம் ஏறணும். நம்மாளுங்க என்ன பண்ணினாங்க? முன்னாடி இவ்வளவு, பின்னாடி இவ்வளவு, ஏறிடுச்சு, ஜெயிச்சோம்னு எழுதினாங்க. திட்டம் வராத மாவட்டத்துலயும் அதே வருஷங்கள்ல சேர்க்கை ஏறிச்சே, அதை யார் கழிக்கறது? தமிழ்நாட்டுல 1982லேர்ந்து சத்துணவு வேற இருக்கு. ஜோத்ஸ்னா ஜலான், எலெனா கிளின்ஸ்காயான்னு ரெண்டு ஆய்வாளர்கள் முதல் கட்ட மாவட்டங்களை அதே மாதிரி இருந்த மற்ற மாவட்டங்களோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. திட்டத்தால மட்டும் கூடினதுன்னு மிஞ்சினது கொஞ்சம்தான்.

அப்புறம் கௌரவ் கன்னான்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் ஒரு வழி பிடிச்சார். பெண் எழுத்தறிவு தேசிய சராசரிக்குக் கீழ இருந்த மாவட்டத்துக்குத்தான் திட்டத்துல முன்னுரிமை. 1991 கணக்கெடுப்புல அந்தச் சராசரி 39.3 சதவீதம். அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் மேல, ஒரு நூல் கீழ இருக்குற மாவட்டங்கள் மற்றபடி ஒரே மாதிரிதானே? அதுல பார்த்தா படிப்பு கூடியிருக்கு. ஆனா படிச்சவங்க நிறைய பேர் ஒரே சந்தையில இறங்கினதால படிப்புக்குக் கிடைக்கிற கூடுதல் கூலி குறைஞ்சிருக்கு. இது யாராவது யோசிச்சீங்களா?

கணக்கெடுத்தவன் சார், உங்க 22 தனியா ஒரு குத்தமே இல்ல. எல்லா மாவட்டத்துலயும் ஒரே அளவு பொய் இருந்தா, வித்தியாசம் எடுக்கும்போது ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிடும். திட்டம் வந்த மாவட்டத்துல மட்டும், ஆள் வந்து பார்க்கறாங்கங்கிறதாலேயே பொய் கூடியிருந்தா, அப்பதான் சிக்கல். நீங்க திட்டம் வராத மாவட்டத்துக்கும் போனீங்களா?

என் அனுபவம்: நான் களத்துக்குப் போனதில்ல. தரவு சிடியில வந்துச்சு.

கைநாட்டுமகன்

ராஜா அண்ணே, ‘சிடியில வந்துச்சு’, நல்லா சிரிச்சேன். இவ்வளவு எழுதி கடைசியில அதானா?

எங்க அம்மா கிராமக் கல்விக் குழு உறுப்பினர். ரெண்டு வருஷமா. அது அவங்களுக்குத் தெரியாது.

கடலூர்லேர்ந்து ஒரு மேடம் விசாரிக்க வந்தாங்க. நான் ஏழாவது, ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்து திண்ணையில நின்னேன். “கூட்டத்துல என்னம்மா பேசுவீங்க?” அம்மா, “எந்தக் கூட்டம்?” மேடம் பையிலேர்ந்து தீர்மானப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாங்க. மாசாமாசம் கூட்டம் நடந்திருக்கு. அம்மா ‘கழிப்பறை கட்ட முன்மொழிந்து’ இருக்காங்க. கீழ கையெழுத்து, நீல மையில, சுழிச்சு, அழகா.

எங்க அம்மா கைநாட்டு. அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தப்ப என் தங்கச்சி வயித்துல இருந்தா, வகுப்புக்குப் போகல.

மேடத்துக்கு முகம் சிவந்து போச்சு, தப்பைப் பிடிச்சுட்டோம்னு. அம்மாவுக்குக் கோபமே வரல. “இதுதான் என் பேரா?”ன்னு கேட்டாங்க. கையைப் புடவையில துடைச்சுக்கிட்டு, அந்தக் கையெழுத்து மேல ஒத்தை விரலால இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வரைக்கும் மெதுவா ஓட்டிப் பார்த்தாங்க. “நல்லாத்தான் இருக்கு”ன்னாங்க.

யார் போட்டதுன்னு எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன், இன்னும் உயிரோட இருக்கார்.

லயத்துப்பிள்ளை

நான் இந்தியா இல்லை, இலங்கையில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டம். உங்களுக்கு டிபிஇபி என்றால் எங்களுக்கு சீடா. சுவீடன் காசு. எழுபதுகளில் தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் எடுத்தது, ஆனால் எங்கள் பள்ளி பேருக்குத்தான் மாறியது. ஒரே மண்டபம், ஒரே மாஸ்டர், மழை வந்தால் விடுமுறை. எண்பதுகளுக்குப் பிறகுதான் சீடா கட்டடம் வந்தது.

சில வருஷம் கழித்து பயன் என்ன என்று விசாரிக்க லயத்துக்கே, எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளுக்கே, வந்தார்கள். கொழும்பு ஆட்கள், சப்பாத்து முழுக்கச் சேறு. என் அம்மாயியைக் கேட்டார்கள், பள்ளிக்கூடம் வந்ததால் என்ன நல்லது நடந்திருக்கிறது என்று. அம்மாயி கொஞ்சம் யோசித்துவிட்டு, “கொழுந்து நிறுக்கிற நேரம் புள்ளைங்க காலுக்குள்ள வாறதில்ல” என்றார்.

வந்தவர் பேனாவைத் தூக்கியபடியே இருந்தார். பிறகு “வேறு ஏதாவது?” என்று கேட்டார். அம்மாயிக்கு அவ்வளவுதான். அதைவிடப் பெரிய நன்மை ஒன்று இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. எழுத அவர்களிடம் கட்டம் இருந்ததோ தெரியாது, பேனா தாளில் படவில்லை. அதை மட்டும் பார்த்தேன்.

ஓய்வுவாத்தியார்

இரண்டுநாக்கு அம்மா, எல்லாப் பள்ளியிலயும் பானை அப்படி இல்ல. எங்க பள்ளியில யார் வேணும்னாலும் மொள்ளலாம்.

இரண்டுநாக்கு

நான் எல்லாப் பள்ளின்னு சொல்லல சார். ஒரே பள்ளி, ஒரே பானை. உங்க பள்ளியில நிஜமாவே யார் மொண்டாங்கன்னு ஒருநாள் உட்கார்ந்து பார்த்தீங்களா? சண்டைக்குக் கேக்கல.

ஓய்வுவாத்தியார்

உட்கார்ந்து பார்த்ததில்ல.

கணக்கெடுத்தவன்

ராஜா, திட்டம் வராத மாவட்டத்துக்கு எங்களை அனுப்பல. எங்க குழுவுல யாரும் போகல.

வாத்தியார் சொன்ன ‘சாத்தாத கதவை’ ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். அந்த மூணு பேரும் ஆடியில திரும்பி வந்தாங்களான்னு தெரியல, நான் மறுபடி அந்தப் பக்கம் போகல.

முதல் பதிவுல ஒண்ணு விட்டுட்டேன். அந்த மூணுல கடைசிப் பேர் ஒரு பையன் பேர். அதுக்கு மட்டும் அந்தப் பொண்ணு தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, குரலைக் கட்டையாக்கிச் சொன்னா.